இழுத்த கையும் உண்ட வயிறும்: ராட்சதக் கணவாயையும் கொமோடோ உடும்பையும் எதைக் கொண்டு ஒப்பிடுவது?

கெடிலக்கரை
காலை 6.40

நண்பர்களுக்கு வணக்கம். சென்ற வாரம் கடலூரில் ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்கு என்னை நடுவராக அழைத்திருந்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர், ஒரு நீண்ட அட்டையில் ஆழ்கடல் ராட்சதக் கணவாயையும் இந்தோனேசியாவின் கொமோடோ உடும்பையும் அருகருகே வரைந்து, கணவாயின் கீழே 13 மீட்டர் என்றும் உடும்பின் கீழே 3 மீட்டர் என்றும் எழுதி, "ஆகவே கணவாய் உடும்பைவிட நான்கு மடங்கு பெரியது" என்று முடித்திருந்தார்கள். படம் அழகாக இருந்தது, கையெழுத்து முத்து முத்தாக இருந்தது, இரண்டு எண்களிலும் குறை சொல்ல இடமில்லை. ஆனாலும் அந்த "ஆகவே" என்ற ஒரு சொல் எனக்கு இன்றுவரை நெருடிக்கொண்டிருக்கிறது.

நான் அந்தப் பையனிடம், "இந்த 13 மீட்டரில் உடம்பு எவ்வளவு தம்பி?" என்று கேட்டேன். அவன் சற்று விழித்தான், பிறகு, "ஐயா, உடும்புக்கும் பாதி வால்தானே?" என்று திருப்பிக் கேட்டான். முப்பத்திரண்டு ஆண்டுகள் உயிரியல் நடத்திய எனக்கு அந்த இடத்தில் சட்டென்று பதில் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ராட்சதக் கணவாய்க்கு எட்டுக் கைகளும், அவற்றைவிடப் பல மடங்கு நீண்ட இரண்டு பற்றுக்கைகளும் உண்டு. 12, 13 மீட்டர் என்பது அந்தப் பற்றுக்கைகளின் நுனியிலிருந்து எடுத்த அளவு. குடலும் செவுளும் இதயங்களும் அடங்கிய உடற்குழல், மிகப் பெரிய பெண் கணவாயிலும் இரண்டே கால் மீட்டரை ஒட்டித்தான் நிற்கிறது. கொமோடோ உடும்பிலோ, 3 மீட்டரில் ஏறத்தாழ பாதி வால். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை ஒன்றரை மீட்டர். அப்படியானால் உடம்புக்கு உடம்பு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் நான்கு மடங்கிலிருந்து ஒன்றரை மடங்காகச் சுருங்கிவிடுகிறது. இது சரியான முறைதானா, அல்லது நானும் எனக்கு வசதியான இடத்தில் நாடாவை வைத்துவிட்டேனா என்பதே என் கேள்வி. விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். பரிசு கொடுத்தாகிவிட்டது, அதைப் பற்றி விவாதம் வேண்டாம்.


துறைமுகத்தான்
காலை 9.15

ஐயா, முதுநகர் துறைமுகத்தில் இருபது ஆண்டுகளாகக் கணவாய் எடுத்து அனுப்புகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். எங்கள் தொழிலில் கணவாயை நீளத்தை வைத்து விலை பேசுகிறவர் எவரும் இல்லை. ஒரு கிலோவுக்கு எத்தனை உருப்படி நிற்கிறது என்பதுதான் தரம்; மூன்றுக்குள் நிற்பது ஒரு விலை, பத்து இருபது நிற்பது வேறொரு விலை. காரணம் எளிது: கணவாயின் கை, பிடித்தவன் இழுத்த இழுப்புக்கு வரும். விசைப்படகு கரை சேர்ந்ததும் பெட்டியிலிருந்து எடுக்கும்போது ஒரு நீளம், ஐஸில் கிடந்து விறைத்த பிறகு ஒரு நீளம், மறுநாள் ஐஸ் தண்ணீரில் ஊறித் தளர்ந்தபின் இன்னொரு நீளம்.

நீங்கள் உடற்குழல் என்று எழுதியிருப்பதை எங்கள் ஷெட்டில் டியூப் என்போம். ஊசிக்கணவாயைச் சுத்தம் செய்யும்போது டியூபை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையால் தலையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தால், குடலும் மைப்பையும் தலையோடு சேர்ந்து வந்துவிடும். உள்ளே முதுகுப் பக்கம் பிளாஸ்டிக் துண்டைப் போலக் கண்ணாடியாக ஒரு தகடு இருக்கும்; அதையும் உருவிவிட்டால் எஞ்சுவது வெறும் டியூப். கைகளின் நடுவில் விரலால் பிதுக்கினால் கிளிமூக்கு போலக் கறுத்த அலகு துருத்திக்கொண்டு வெளியே வரும். அந்தக் கண்ணாடித் தகட்டைத் தவிர உடம்பைத் தாங்கும் எலும்பு என்று அதில் எதுவும் கிடையாது. எலும்பில்லாத பிராணியையும் முதுகெலும்புள்ள பிராணியையும் ஒரே நாடாவால் அளப்பது, ஈரத் துணியையும் மரப்பலகையையும் ஒரே கோலால் அளப்பது மாதிரிதான். ஆகவே எடையைப் பாருங்கள் என்பது என் கருத்து.


புதுவைக் கணக்கன்
காலை 11.02

துறைமுகத்தான் அண்ணன் சொன்னதற்கு அச்சில் ஏறிய சான்றுகளே இருக்கின்றன. நியூசிலாந்தின் லயல் விரிகுடாவில் 1887இல் கரை ஒதுங்கிய ஒரு கணவாய்க்குச் சுமார் 17 மீட்டர் என்று பதிவானது; அதே பதிவில் உடற்குழலின் நீளம் 71 அங்குலம், அதாவது 1.8 மீட்டர்தான். மீதி முழுவதும் கை. பற்றுக்கைகள் ரப்பர் பட்டையைப் போல நீளக்கூடியவை என்பதை வைத்துக்கொண்டு பார்த்தால், அந்த 17 மீட்டரில் கணவாயின் பங்கு எவ்வளவு, இழுத்தவர்களின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம்.

இதைவிடச் சுவையான கணக்கு ஒன்று உண்டு. ராட்சதக் கணவாய் வேறு, அண்டார்டிகக் கடலில் வாழும் பெருங்கணவாய் வேறு. இரண்டாவது, 1925இல் ஒரு எண்ணெய்த் திமிங்கலத்தின் வயிற்றில் கிடைத்த கைகளை மட்டும் வைத்துப் பெயர் சூட்டப்பட்ட இனம். 2007இல் ராஸ் கடலில் நியூசிலாந்துப் படகு ஒன்றின் தூண்டிலில், மாட்டிய மீனை விடாமல் தின்றுகொண்டே மேலே வந்த ஒரு பெருங்கணவாய் பிடிபட்டது. அப்போது செய்திகளில் அதற்கு 10 மீட்டர் என்றார்கள். உறைந்த உடலை மறு ஆண்டு வெலிங்டன் அருங்காட்சியகத்தில் உருக்கி அளந்தபோது, பற்றுக்கைகள் சுருங்கிப்போய், மொத்த நீளம் 4.2 மீட்டர் என்றுதான் வந்தது. எடை மட்டும் 495 கிலோ. உலகில் இதுவரை எடை போடப்பட்ட முதுகெலும்பில்லா உயிர்களில் இதைவிடக் கனமானது இல்லை. நீளத்தில் முதலிடம் ஒன்றுக்கு, எடையில் முதலிடம் மற்றொன்றுக்கு என்றால், நீளத்தை வைத்துப் பெரியது சிறியது சொல்வதில் பொருளில்லை என்பது இந்த ஓர் எடுத்துக்காட்டிலேயே முடிந்துவிட்டது.

ஆனால் உடும்பின் கணக்கும் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் உயிரியல் பூங்காவில் இருந்த கொமோடோ உடும்பு ஒன்றுக்கு 3.13 மீட்டர் நீளமும் 166 கிலோ எடையும் குறிக்கப்பட்டு, இன்றுவரை எல்லாப் பட்டியல்களிலும் அதுவே முதலில் வருகிறது. அந்த 166 கிலோவில் செரிக்காமல் வயிற்றில் கிடந்த இரையும் சேர்ந்திருந்தது என்பதைப் பட்டியல் போடுகிறவர்கள் அடிக்குறிப்பில்கூட எழுதுவதில்லை. காட்டில் வளர்ந்த ஆண் உடும்பு 80, 90 கிலோவோடு நின்றுவிடுகிறது. ஒன்றின் கணக்கில் இழுத்த கை, மற்றதன் கணக்கில் உண்ட வயிறு. தணிக்கைக்கு வந்தால் இரண்டு பேரேடுகளையும் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ராட்சதக் கணவாயில் பெண்ணுக்கு 275 கிலோ வரை கொள்ளலாம். உடும்புக்கு 90 என்று வைத்தால் மூன்று மடங்கு வருகிறது. கெடிலக்கரை ஐயா கவனிக்க வேண்டும்: பிள்ளைகள் சொன்ன நான்கு மடங்குக்கு இது அருகில்தான் இருக்கிறது. விடை ஏறக்குறைய சரி, வழிதான் தவறு. எங்கள் காலத்தில் இப்படி எழுதினால் பாதி மதிப்பெண் கொடுப்பார்கள்.


இளவெயில்
பகல் 1.30

மன்னிக்கவும், இவ்வளவு எழுதுகிறீர்களே தவிர, இரண்டும் மோதினால் எது வெல்லும் என்று யாருமே சொல்லவில்லையே. எங்கள் விடுதியில் இதற்காகவே இரண்டு கட்சிகள் இருக்கின்றன. உடும்புக்கு நஞ்சு உண்டு, கணவாய்க்குப் பத்துக் கைகள் உண்டு. நான் கணவாய்க் கட்சி.


கெடிலக்கரை
பகல் 2.05

தம்பி, 600 மீட்டர் ஆழத்தில் காற்றை சுவாசிக்கும் உடும்பு போய்ச் சேர்வதற்கு முன்பே செத்துவிடும். கொமோடோ தீவின் மணலில் கணவாய் வந்து விழுந்தால் தன் எடையிலேயே நசுங்கிவிடும். எந்த இடத்தில் மோதல் என்று சொன்னவுடனேயே வெற்றியும் சொல்லப்பட்டுவிடுகிறது. விடுதிக்கு இந்தப் பதில் போதும் என்று நினைக்கிறேன்.


சவுக்குத்தோப்பு
மாலை 4.48

பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படித்து, இப்போது புதுச்சேரியில் வீட்டோடு இருக்கிறேன். நீளம் ஏமாற்றும் என்பதில் எல்லோரும் ஒன்றுபட்டுவிட்டீர்கள், நல்லது. ஆனால் எடையும் அதே அளவு ஏமாற்றும் என்று நான் சொல்ல வந்திருக்கிறேன்.

ராட்சதக் கணவாயின் தசையில் அம்மோனியம் குளோரைடு நிறைந்திருக்கிறது. அது கடல்நீரைவிட இலேசான கரைசல் என்பதால், கணவாய் நீந்தாமல் சும்மா இருந்தாலும் மூழ்குவதில்லை. தராசில் 275 கிலோ காட்டும் அந்த உடல், தன் இடத்தில் இருக்கும்போது ஏறத்தாழ எடையே இல்லாமல் தொங்கிக்கொண்டிருக்கிறது. உடும்புக்கு அந்தச் சலுகை கிடையாது. 80 கிலோவையும் நான்கு கால்களில், அதுவும் பக்கவாட்டில் விரிந்த கால்களில், ஒவ்வோர் அடிக்கும் தூக்கியாக வேண்டும். போதாதற்கு, பக்கவாட்டில் உடலை நெளித்து நடக்கிற பல்லி வகைகளுக்கு ஓடும்போது மூச்சு விடுவதே தடைப்படும். உடும்பு இனம் தொண்டைப் பையைத் துருத்திபோல விரித்துச் சுருக்கிக் காற்றை நுரையீரலுக்குள் தள்ளி அந்தத் தடையைத் தாண்டுகிறது என்பதை 1999இல் நிறுவினார்கள். இதை நீங்கள் கொமோடோவுக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை. தேவனாம்பட்டினம் பக்கம் சவுக்குத் தோப்பில், மத்தியான வெயிலில் நம் ஊர் உடும்பு ஒன்று பத்தடி தூரத்தில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். நாக்கை வெளியே நீட்டி, இரண்டு நுனிகளையும் மேலும் கீழும் ஆட்டி, உள்ளே இழுத்தது; கழுத்துக்குக் கீழே தளர்ந்த தோல் உப்பி உப்பித் தணிந்தது; பிறகு சருகு சலசலக்க ஒரே ஓட்டமாக ஓடிப் பனைமட்டைக் குவியலுக்குள் மறைந்தது. அந்த உப்பித் தணிந்த தொண்டையைத்தான் சொல்கிறேன்.

தொண்டை என்று வந்ததால் என் உண்மையான கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த இரண்டு உயிர்களையும் ஒப்பிட வேண்டுமானால் நாடாவையும் தராசையும் தள்ளி வைத்துவிட்டுத் தொண்டையைப் பார்க்க வேண்டும்.

கணவாயின் மூளை வடை மாதிரி நடுவில் துளையுள்ள வளையம். உணவுக்குழாய் அந்தத் துளைக்குள் புகுந்துதான் வயிற்றுக்குப் போகிறது. விழுங்கும் கவளம் சற்றுப் பெரிதாகிவிட்டால் மூளையை நெருக்கும். ஆகவே 13 மீட்டர் நீண்ட பிராணியானாலும், அலகால் சிறு சிறு துண்டாகக் கடித்து, நாக்கின் மேலுள்ள அரம் போன்ற பல்வரிசையால் தேய்த்து, மாவாக்கித்தான் உள்ளே அனுப்ப முடியும். உடும்பின் கதை நேர் எதிரானது. அதன் தாடை மூட்டுகள் தளர்ந்து விரியும், வயிறு விரியும். தன் எடையில் 80 சதவீதம் வரை ஒரே வேளையில் விழுங்கிவிடும். ஓர் ஆட்டை முழுதாக விழுங்கும்போது மூச்சு முட்டாமலிருக்க, நாக்கின் அடியில் ஒரு குழாய் காற்றை நுரையீரலுக்குக் கொண்டுபோகிறது. செரிக்காத கொம்பையும் மயிரையும் பல்லையும் பின்னர் ஓர் உருண்டையாகக் கக்கிவிடுகிறது.

இத்தனை வேறுபட்ட இரண்டு தொண்டைகளும் ஓரிடத்தில் வந்து சேர்கின்றன. கொமோடோ உடும்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 12 வேளை உண்டே வாழ்ந்துவிட முடியும். பெருங்கணவாயைப் பற்றி 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 500 கிலோ எடையுள்ள கணவாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 30 கிராம் இரை போதும் என்று கணக்கிட்டது. 5 கிலோ எடையுள்ள ஒரே மீன் ஏறத்தாழ 200 நாட்களுக்குக் காணும். அந்த 30 கிராம், நம் வீட்டில் ரசத்துக்குப் போடும் துவரம்பருப்பைவிடக் குறைவு. கப்பலைக் கவிழ்க்கும் அரக்கன் என்றும் காட்டெருமையைச் சாய்க்கும் டிராகன் என்றும் பேரெடுத்த இரண்டும், உண்மையில் வயிற்றைக் கட்டி வாழ்கிற உயிர்கள்.


துறைமுகத்தான்
இரவு 7.20

அம்மா சொன்ன அம்மோனியா விஷயம் எனக்குப் புதிது, ஆனால் மூக்குக்குப் புரிகிறது. சுறாவை ஒரு நாள் தாமதித்து அறுத்தாலே அந்த நெடி வந்துவிடும். அதனால்தான் சுறாப்புட்டுக்கு அன்று இறங்கிய சுறாவையே கேட்டு வாங்குவார்கள். ஆக, ராட்சதக் கணவாய் ஒன்று கிடைத்தாலும் வறுத்துத் தின்ன உதவாது போலிருக்கிறது.

ஆனால் அந்த 30 கிராம் கணக்கை என்னால் நம்ப முடியவில்லை. கணவாயைப் போலப் பெருந்தீனி தின்கிற பிராணியை நான் பார்த்ததில்லை. வலையில் மற்ற மீன்களோடு சேர்ந்து வரும்போதுகூட, பக்கத்தில் கிடக்கும் நெத்திலியைப் பிடித்துக் கடித்துக்கொண்டேதான் வரும். ஐம்பது, நூறு கிராம் கணவாயே அப்படித் தின்னும்போது, ஐந்நூறு கிலோ கணவாய் முப்பது கிராமோடு எழுந்துவிடும் என்றால், அது கணக்கு எழுதினவர்களின் தவறு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.


சவுக்குத்தோப்பு
இரவு 8.05

அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. அந்த 30 கிராமை எவரும் பெருங்கணவாயின் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணவில்லை. அது அளந்த எண் அன்று, கணித்த எண். அதே குடும்பத்தைச் சேர்ந்த சிறிய கணவாய்கள் எவ்வளவு ஆக்சிஜனைச் செலவிடுகின்றன என்ற அளவுகளிலிருந்து, எடைக்கும் குளிருக்கும் ஏற்பக் கணக்கிட்டு வந்த விடை. ஆகவே 30 என்பது 50 ஆகலாம், 20 ஆகலாம்; 3,000 ஆகாது.

உங்கள் ஊசிக்கணவாய் வெதுவெதுப்பான, வெளிச்சமான, ஆழம் குறைந்த நீரில் வாழ்கிறது; இரவெல்லாம் துரத்திப் பிடிக்கிறது; ஓராண்டுக்குள் வளர்ந்து முட்டையிட்டு இறந்துபோகிறது. அது தின்னாமல் எப்படி முடியும்? அண்டார்டிகப் பெருங்கணவாய் உறைநிலையை ஒட்டிய குளிரில், இருட்டில், பெரும்பாலும் மிதந்தபடி காத்திருக்கிறது என்றே அதன் உடல்வாகைக் கொண்டு கருதுகிறார்கள். அதன் பற்றுக்கைகளின் நுனியில் உறிஞ்சிகளோடு கொக்கிகளும் உண்டு. சில கொக்கிகள் சுழலவும் செய்யும். துரத்தி ஓடுகிற பிராணிக்கு வேண்டிய கருவிகள் இவை என்று சொல்ல முடியாது. எதிர்ப்பட்டதை நழுவ விடாமல் வைத்துக்கொள்ளும் கருவிகள். நாம் உடும்புப் பிடி என்று உடும்புக்குக் கொடுத்த பட்டத்தை, நேர்மையாகப் பார்த்தால் இந்தக் கணவாய்க்குத்தான் கொடுக்க வேண்டும்.

கொமோடோ உடும்பு அப்படிப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. அதன் தாடைக்கு முதலையின் அழுத்தம் கிடையாது. ரம்பம் போன்ற பற்களைப் பதித்துப் பின்னோக்கி இழுத்துச் சதையைக் கிழித்துவிட்டு விலகிக்கொள்ளும். அந்தப் பற்களின் விளிம்பில் ஆரஞ்சு நிறத்தில் இரும்புப் பூச்சு இருப்பதை 2024இல்தான் கண்டறிந்தார்கள்.


புதுவைக் கணக்கன்
இரவு 9.40

பேச்சு நஞ்சுக்கு அருகில் வந்துவிட்டதால் ஒரு பழைய பாக்கியைத் தீர்த்துவிடுகிறேன். கொமோடோ உடும்பின் வாயில் அழுகிய இறைச்சியின் கிருமிகள் இருக்கின்றன, கடிபட்ட விலங்கு அந்தக் கிருமியால்தான் சாகிறது என்று நாம் எல்லோரும் படித்தோம். இன்றும் தொலைக்காட்சியில் அதையே சொல்கிறார்கள். அதன் கீழ்த்தாடையில் நஞ்சுச் சுரப்பிகள் இருப்பதையும், அந்த நஞ்சு இரத்தம் உறைவதைத் தடுத்து இரத்த அழுத்தத்தைக் குறைப்பதையும் 2009இல் பிரையன் ஃபிரை குழுவினர் வெளியிட்டார்கள். 2013இல் வாயின் கிருமிகளைச் சோதித்தபோது, மற்ற ஊனுண்ணிகளின் வாயில் இருப்பதைவிடத் தனித்த கொடுங்கிருமி எதுவும் இல்லை என்று தெரிந்தது. காயத்தின் ஆழமே பெரும்பங்கு, நஞ்சு துணைப்பங்கு என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்; நான் அந்தக் கட்சி.

கணவாய்க்கும் இப்படி ஒரு கதை உண்டு, அதுவும் நம் வங்கக் கடலிலேயே. 1874இல் லண்டன் டைம்ஸ் நாளிதழில், பேர்ல் என்ற பாய்மரக் கப்பலை வங்கக் கடலில் ஒரு பிரம்மாண்டமான கணவாய் பற்றி இழுத்துக் கவிழ்த்துவிட்டதாகச் செய்தி வந்தது. படிக்க விறுவிறுப்பாக இருக்கும். உறுதிப்படுத்தும் சான்று எதுவும் கிடையாது. எடை போட்ட கணவாய்களில் மிகப் பெரியதே 495 கிலோ. அதுவும் குளிர்ந்த அண்டார்டிகக் கடலில், நீர் தாங்க மிதக்கிற உடம்பு. நீருக்கு மேலே ஒரு கையைத் தூக்கிப் பாய்மரத்தைப் பற்றுவதற்கு அதற்கு எலும்பு எங்கே இருக்கிறது?


துறைமுகத்தான்
இரவு 10.10

கப்பல் கதையை விடுங்கள், கணவாய் அலகு கதைக்கு வருகிறேன். திமிங்கல எச்சம், அம்பர் என்று ஆட்களைப் பிடித்ததாக இந்தக் கரையோரத்தில் அடிக்கடி செய்தி வருகிறதே, அந்த அம்பரை உடைத்தால் உள்ளே கறுப்பாக அலகுகள் பதிந்திருக்கும் என்று எங்கள் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஷெட்டில் நாங்கள் பிதுக்கி எறிகிற அதே கிளிமூக்கா அது? வைத்திருந்தாலே வழக்கு என்பதால் யாரிடமும் போய்ப் பார்க்கவும் முடியாது.


சவுக்குத்தோப்பு
இரவு 10.25

அதேதான். எண்ணெய்த் திமிங்கலம் கணவாயை விழுங்கினால் சதை செரித்துவிடும், அலகு செரிக்காது. அம்பர் உருவாவதற்கே அந்த அலகுகள் குடலில் ஏற்படுத்தும் உறுத்தல்தான் காரணம் என்று பரவலாகக் கருதப்படுகிறது. திமிங்கலங்களின் வயிற்றில் கிடைத்த அலகுகளை அளந்து கணவாயின் உடல் அளவைக் கணிப்பது நெடுநாளைய முறை. உடும்பு கக்கும் உருண்டையில் கொம்பையும் குளம்பையும் பார்த்து அது எதைத் தின்றது என்று சொல்வதைப் போல, இங்கே தின்னப்பட்டவரின் மூக்கை வைத்து ஆளை அடையாளம் காண்கிறோம்.

திமிங்கலம் என்றதும் கண்ணைச் சொல்லாமல் போக முடியாது. ராட்சதக் கணவாயின் கண் 27 சென்டிமீட்டர் குறுக்களவு வரை உண்டு, கால்பந்தைவிடப் பெரிது. இருட்டில் இரை தேடுவதற்கு மட்டும் இவ்வளவு பெரிய கண் தேவையில்லை. பாய்ந்து வரும் திமிங்கலம் வழியிலுள்ள ஒளிரும் சிற்றுயிர்களைக் கலக்கிவிட, அந்த மங்கிய ஒளிப்படலத்தைத் தொலைவிலேயே காண்பதற்காக வளர்ந்த கண் என்று 2012இல் ஓர் ஆய்வு விளக்கியது. ஒன்றுக்குக் கண், தன்னைத் தின்ன வருபவரைக் காண்பதற்கு. உடும்புக்கு நாக்கு, தான் தின்னப்போவதைக் கிலோமீட்டர்களுக்கு அப்பாலிருந்தே மோந்து அறிவதற்கு. வளர்ந்த கொமோடோ உடும்புக்குத் தன் தீவில் அஞ்ச வேண்டிய வேட்டை விலங்கு எதுவும் இல்லை. குட்டி உடும்புகள் மட்டும் மரத்திலேயே காலம் கழிக்கின்றன, பெரிய உடும்புகளுக்குப் பயந்து.


இளவெயில்
இரவு 11.15

நான் கட்சி மாறுகிறேன் என்று நினைக்க வேண்டாம், ஆனால் ஒரு சந்தேகம். கணவாய்க்கு மூன்று இதயங்கள் என்று படித்தேன். மூன்று இதயம் உள்ளதுதானே வலிமையானது?


கெடிலக்கரை
காலை 6.10

தம்பி, மூன்று இதயம் என்பது அதன் வலிமையைக் காட்டவில்லை, அதன் இரத்தத்தின் குறையைக் காட்டுகிறது. கணவாயின் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது செம்பு கலந்த ஹீமோசயனின், அதனால்தான் நீலம். நம்முடைய ஹீமோகுளோபின் சுமக்கிற அளவு அது சுமக்காது. செவுளுக்கு ஒன்றாக இரண்டு இதயங்கள் தள்ளிக்கொடுக்க, மூன்றாவது உடம்புக்கு அனுப்புகிறது. உடும்புக்கு ஒரே இதயம், அதில் மூன்று அறைகள். ஆனால் மற்றப் பல்லிகளைப் போலன்றி, கீழறை சுருங்கும்போது நுரையீரலுக்குப் போகும் இரத்தத்தையும் உடலுக்குப் போகும் இரத்தத்தையும் வெவ்வேறு அழுத்தத்தில் பிரித்து அனுப்புகிறது. உடும்பு நெடுந்தொலைவு சளைக்காமல் நடப்பதன் இரகசியத்தில் அதுவும் ஒன்று.

இரவு முழுவதும் வந்த பதில்களைப் படித்தேன். சவுக்குத்தோப்பு அம்மையாரின் தொண்டைக் கணக்குக்கு என் முழு ஒப்புதல். அதோடு காலக் கணக்கையும் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் அட்டையில் பிள்ளைகள் அதைத் தொடவே இல்லை. கொமோடோ உடும்பு பருவமடையவே எட்டு ஒன்பது ஆண்டுகள் ஆகும். 30 ஆண்டுகள் வரை வாழும். ராட்சதக் கணவாய் சில ஆண்டுகளுக்குள்ளேயே அந்த உருவத்தை எட்டி முடிந்துவிடுவதாகத் தெரிகிறது. உடும்பு விரல்விட்டு எண்ணக்கூடிய சில தீவுகளில் மட்டும் எஞ்சி, 2021இல் அருகிவரும் இனமாக அறிவிக்கப்பட்டது. கணவாயோ உலகக் கடல்கள் அனைத்திலும் பரவியிருக்கிறது. 2013இல் மரபணுவை ஒப்பிட்டபோது, எங்கே கிடைத்தாலும் எல்லாம் ஒரே இனம் என்று வந்தது. இத்தனை பரவலாக இருந்தும், அதை உயிரோடு அதன் இடத்தில் படம் பிடிக்க 2004 வரை, ஜப்பானின் குபோதேரா வெற்றி பெறும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. பெருங்கணவாய் இன்னும் தாமதம்: 2025 மார்ச்சில், தெற்கு சாண்ட்விச் தீவுகளுக்கு அருகே 600 மீட்டர் ஆழத்தில், முதன்முதலாகக் கேமராவில் விழுந்தது. விழுந்தது 30 சென்டிமீட்டர் குட்டி. துறைமுகத்தான் அவர்களின் தராசில் கிலோவுக்குப் பல நிற்கும்.

அந்தப் பிள்ளைகளிடம் புதிய அட்டை ஒன்று போடச் சொல்லியிருக்கிறேன். படங்கள் அப்படியே இருக்கட்டும். கணவாயின் கைகளையும் உடும்பின் வாலையும் புள்ளிக்கோடாக மாற்ற வேண்டும், ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது ஓராண்டில் தின்னும் இரையை அதே அளவுகோலில் வரைய வேண்டும் என்பது மட்டுமே நான் கேட்டது. பெருங்கணவாய்க்கு ஓராண்டு இரை பதினொரு கிலோ வருகிறது என்று கணக்குப் போட்டுவிட்டு, பையன் மூன்று முறை சரிபார்த்தான்.


துறைமுகத்தான்
காலை 8.50

ஐயா, இன்று காலை இறங்கிய ஊசிக்கணவாயில் ஒன்றை எடுத்து ஷெட்டில் மூன்று பேரை அளக்கச் சொன்னேன். ஒருவர் கையைத் தொடாமல் அளந்தார், 33 சென்டிமீட்டர். இன்னொருவர் நீவிவிட்டு அளந்தார், 39. மூன்றாவது ஆள் நம் பையன்; இழுத்துப் பிடித்து 46 கொண்டுவந்துவிட்டான், இன்னும் இழுத்தால் ஐம்பதும் வரும் என்றான். டியூப் மூவருக்கும் 19. தராசு மூவருக்கும் 140 கிராம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பிள்ளைகளை அழைத்து வாருங்கள், ஐஸில் எடுத்து வைக்கிறேன். மூளையின் துளைக்குள் குழாய் போவதையும் அறுத்துக் காட்ட முடியுமா என்று பார்க்கலாம். எங்கள் வீட்டம்மாவுக்குக் கத்தி நன்றாக நிற்கும்.


கெடிலக்கரை
காலை 9.05

அவசியம் வருகிறோம். நாடாவும் கைலென்ஸும் நான் கொண்டு வருகிறேன். பையன், உடும்பையும் அப்படியே பிடித்து அளந்துவிடலாமா என்று கேட்டான்; 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையை எடுத்து அவன் கையில் கொடுத்திருக்கிறேன்.